டிஸ்க் இல்லாத பொட்டிகளும் ஒரு பழைய குற்ற உணர்ச்சியும்

டிஸ்கி: கொஞ்சம் பொட்டி தட்டும் சமாச்சாரம். கதை மட்டும் போதும்கிறவங்க நடுவுல ஒரு பத்தியைத் தாண்டிக் குதிச்சுடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவர் வீட்டம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துல இருபது பழைய கம்ப்யூட்டர் இருக்காம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சுபோச்சு, 11 அந்தப் பொட்டிகள்ல ஏறாது. "டிஸ்க்கே இல்லாம லினக்ஸ்ல ஓட்டலாமாமே, செலவே இல்லையாமே, நீதான் முன்னாடி பண்ணியிருக்கியே"ன்னார். அந்த "செலவே இல்லையாமே"ல எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

2007-ல் இதே வசனத்தை இன்னொரு பள்ளிக்கூடத்துல பேசினது சாட்சாத் அடியேன்தான். பதினாறு பென்டியம் 3, ஒவ்வொண்ணுலயும் 128 எம்பி ராம். பாதியில ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் கட்டக் கட்டக்னு சத்தம். எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, 4 ஜிபி ராமோட ஒரே ஒரு நல்ல மெஷின் வாங்க வச்சு, எல்டிஎஸ்பி (லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட், ஜிம் மெக்குவில்லன் புண்ணியத்துல வந்தது) போட்டேன்.

வேலை நடக்குற விதம் ரொம்ப அழகு. பொட்டியை ஆன் பண்ணினதும் அதோட நெட்வொர்க் கார்டு "நான் யாரு? எனக்கு என்ன விலாசம்?"னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். சர்வர்ல இருக்குற டிஎச்சிபி அதுக்கு ஒரு ஐபி கொடுத்து, இந்தக் கோப்பை எடுத்து பூட் பண்ணிக்கோன்னும் சொல்லும். டிஎஃப்டிபி வழியா கெர்னல் வரும். அப்புறம் என்எஃப்எஸ் மூலமா சர்வர்ல இருக்குற ஒரு அடைவையே தன்னோட டிஸ்க்குன்னு நம்பி மவுன்ட் பண்ணிக்கும். கடைசியா லாகின் திரை. அதுக்கப்புறம் பையன் திறக்குற ஃபயர்பாக்ஸ், ஓப்பன் ஆபீஸ் எல்லாம் ஓடுறது சர்வர்ல, அவன் பார்க்கிறது வெறும் படம். எங்க கார்டுகள் எல்லாம் பூட் ரோம் இல்லாத ரியல்டெக் 8139. அதனால ஆளுக்கொரு ஃப்ளாப்பியில ஈதர்பூட்டை எழுதிச் சொருகி வச்சிருந்தேன். ஹார்ட் டிஸ்க்கை ஒழிச்சுட்டு ஃப்ளாப்பியைக் கட்டி அழுத மாதிரி ஆச்சு, அது தனிக் கதை.

ஆறு மாசம் ராஜ வாழ்க்கை. ஒரு மென்பொருள் போடணும்னா ஒரு தடவை போட்டா போதும், பதினாறுக்கும் வந்துடும். எந்தப் பொட்டியில உட்கார்ந்தாலும் பிள்ளைகளுக்கு அவங்கவங்க கோப்பு இருக்கும். சினிமா மட்டும் ஓடாது. 640x480 படத்தை 16 பிட் நிறத்துல நொடிக்கு 25 தடவை அனுப்பணும்னா ஒரு பொட்டிக்கே 120 மெகாபிட்டுக்கு மேல ஆகும், எங்க கேபிள் மொத்தமே 100. ஒரு வகையில வாத்தியார்களுக்கு அது சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் காலையில பாதிப் பொட்டிகள் எழுந்திருக்கலை. யாரோ ஆபீஸ் ரூம் பிராட்பேண்ட் மோடத்தைக் கொண்டுவந்து லேப் சுவிட்ச்ல சொருகியிருக்காங்க. அதுவும் ஒரு டிஎச்சிபிதானே, "யாரு நான்?"னு கேட்டவனுக்கெல்லாம் முந்திக்கிட்டு ஐபி கொடுத்திருக்கு. பூட் கோப்பைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? சர்வர்ல ரெண்டாவதா ஒரு கார்டு போட்டு லேபைத் தனி நெட்வொர்க்காப் பிரிச்சேன். பிரிச்சதை யார்கிட்டயும் சொல்லலை, எங்கயும் எழுதியும் வைக்கலை. இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்த வருஷம் வேலை கிடைச்சு நான் ஊர் மாறிட்டேன். ஒரு அரையாண்டு செய்முறைத் தேர்வு அன்னைக்குக் காலையில சர்வரோட பவர் சப்ளை புகைஞ்சது. பதினாறு திரையும் இருட்டு. பவர் சப்ளையை மாத்த ஆள் வந்தாரு, ஆனா வந்தவர் கேபிளை ரெண்டு கார்டுக்கும் இடம் மாத்திச் சொருகிட்டாரு. நான் போன்ல கத்திக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் யாருக்கும் எது எந்தக் கார்டுன்னு தெரியலை. தேர்வைத் தள்ளி வச்சாங்க. தலைமையாசிரியை, "தம்பி, முன்னாடி ஒண்ணு கெட்டா பதினஞ்சு ஓடும். இப்ப ஒண்ணு கெட்டா ஒண்ணுமே ஓடலையே"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியலை. மூணே மாசத்துல எல்லாத்துலயும் திருட்டு விண்டோஸ் திரும்பி வந்துடுச்சு.

அதனால சொல்றேன் மக்களே, டிஸ்க் இல்லாத லேபை "மலிவு"ன்னு சொல்லி விக்காதீங்க. அது மலிவே இல்லை. பதினாறு இடத்துல சிதறிக் கிடந்த தொல்லையை ஒரே இடத்துக்குக் கொண்டு வர்றோம், அவ்வளவுதான். அந்த ஒரு இடத்தைப் பார்த்துக்க ஆளும் காசும் இருந்தா இதைவிட நல்ல ஏற்பாடு ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது. இல்லைன்னா சொந்தச் செலவுல சூனியம்தான். "லினக்ஸ்னாலே இப்படித்தான்"னு அந்த ஊர்ல பேர் வாங்கிக் கொடுத்தது லினக்ஸ் இல்லை, எழுதி வைக்காத நான்.

இப்ப நிலைமை எவ்வளவோ தேவலை. எல்டிஎஸ்பியை 2019-ல் அடியோட புதுசா எழுதிட்டாங்க. பூட் ஆகுறது மட்டும்தான் சர்வர்லேர்ந்து. அப்புறம் நிரல்கள் அந்தந்தப் பொட்டியோட சொந்த ராம்லயே ஓடும், வீடியோவும் ஓடும். 4 ஜிபி இருக்குற பழைய பொட்டிக்கு இது சொர்க்கம். ஏற்கனவே டிஎச்சிபி கொடுக்குற ரவுட்டர் இருந்தாலும் சண்டை வேண்டாம், அது ஐபியைக் கொடுக்கட்டும், டிஎன்எஸ்மாஸ்க் பக்கத்துல நின்னு பூட் தகவலை மட்டும் கொடுக்கும். ஆனா சர்வர் படுத்தா லேப் படுக்கும்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு.

நண்பர்கிட்ட ரெண்டு கண்டிஷன் போட்டேன். ஒண்ணு, சர்வர் மாதிரியே இன்னொரு மெஷின், அதே இமேஜோட, பீரோவுல தயாரா இருக்கணும். ரெண்டு, நான் வேலை செய்யும்போது அந்தப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து தன் கைப்பட நோட்டுல எழுதணும், கடைசி நாள் நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க அவங்களே முதல்லேர்ந்து போட்டுக் காட்டணும்.

"ரெண்டாவது மெஷின் கூட வாங்கிடலாம்ப்பா, அந்த டீச்சரை எங்க தேடுறது?"ன்னு கேட்டுட்டு வச்சார். இன்னும் திரும்பக் கூப்பிடலை.