அந்த ‘டக்’ சத்தம்



அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மேசை விளக்கைக் கவனித்திருப்பீர்கள். பல்பு ஹோல்டரிலேயே சின்னத் திருகு சுவிட்ச் இருக்கும். திருகினால் ‘டக்’ என்று எரியும்; மறுபடி திருகினால் அணையும்.

அந்த ‘டக்’கில்தான் விஷயமே இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது முனைகள் மெதுவாகப் பிரிந்தால் நடுவே தீப்பொறி நீடித்து முனைகள் கருகும். அதனால் நாம் திருகும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் முறுக்கேறி, சட்டென விடுபட்டு, முனைகளைப் பிரித்துவிடும். கை மெதுவாக இருந்தாலும் பிரிவது வேகமாகவே நடக்கும். முனைகளைச் சட்டெனப் பிரிக்கும் இந்த யோசனையை 1884-லேயே இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் செய்து காட்டிவிட்டார்.

உள்ளே இவ்வளவு அக்கறை, வெளியே? மூட்டுவலி உள்ள விரலுக்கு அந்தத் திருகு அடங்காது. வயதானவர் கைக்கு உதவாத கருவியை முழுமையானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன்மேல் மாட்டும் பெரிய பிடிகள் கடையில் கிடைக்கின்றன. அம்மா அப்பா வருமுன் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

இன்னொன்று. அந்த சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். பழைய பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரின் மரையில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வகுப்பில் சொன்னதுதான், இப்போதும் சொல்கிறேன்.