இரு நோய்க்கு ஒரு சத்திரசிகிச்சை

முதியோர் பலர்க்குக் கண்ணில் இரு நோய்கள் ஒருங்கே வந்து பொருந்துதல் உண்டு. ஒன்று கண்புரை, மற்றையது குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். இரண்டிற்கும் ஒரே வேளையிற் சத்திரசிகிச்சை செய்யலாமா என்பது வினா. தக்கார்க்கு அதுவே நன்று என்பது எமது கருத்து. எல்லார்க்கும் அதுவே என்பது அன்று.

இரு நோயும் தம்முள் வேறானவை. கண்புரையில் வில்லை மங்குகின்றது. அதனை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் மங்கிய பார்வை தெளியும். 1949இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி இவ்வழியைத் திறந்தார். குளுக்கோமாவிலோ பார்வை நரம்பு சிதைகின்றது. பெரும்பாலும் ஓரப்பார்வையே முதலில் ஓசையின்றிக் குறையும், இழந்தது மீளாது. எஞ்சியதைக் காத்தற்பொருட்டு, கண்ணினுள் ஊறும் நீர் வடியப் புதுவழி வகுத்து அழுத்தத்தைத் தணிப்பர். சென்னை அரசினர் கண்வைத்தியசாலையில் எலியட் என்னும் வைத்தியர் வெண்விழியின் ஓரத்திற் சிறு துளையிட்டு இதனைச் செய்து 1909இல் உலகறிய எழுதினார். 1968இல் கெயாண்ஸ் வெளியிட்ட முறையின் வழிவந்ததே இன்று பெருவழக்கு.

ஒருங்கு செய்வதன் நலம் வெளிப்படை. விறைப்பு மருந்து ஒருமுறை. வைத்தியசாலைப் பயணமும் ஒருமுறை. புரையை அகற்றியபின் சிலர்க்குச் சடுதியாய் ஏறும் அழுத்தமும் பெரிதும் தவிர்க்கப்படும். நீர்வழியை மட்டும் முன்னர் வகுத்தாற் புரை விரைந்து முற்றக்கூடும். பின்னர்ப் புரையை அகற்றுங்கால் அவ்வழி அடைபடவுங்கூடும். ஆயினும், ஒருங்கு செய்யுமிடத்து அழுத்தம், தனியே செய்யுமிடத்துப் போல அத்துணை தணியாமலும் போகலாம். ஆதலின் நோய் மிக முற்றியோர்க்கு நீர்வழிச் சிகிச்சையே முதலில் வேண்டப்படலாம். நோய் இளையதாயின், புரையை அகற்றும்போதே நுண்குழாய் ஒன்றைப் பொருத்துதல் போதியதாகலாம்.

நாம் அஞ்சுவது ஒன்று. புரை நீங்கி உலகம் ஒளிபெற்றவுடன், நோயெல்லாம் நீங்கிற்றென எண்ணி மறுபரிசோதனையைக் கைவிடுவார் உளர். புரை தீர்ந்தது, குளுக்கோமா தீர்ந்திலது. அது வாழ்நாளெல்லாம் கண்காணிக்கப்பட வேண்டியது. எனவே, நரம்பு எவ்வளவு கெட்டுள்ளது, எவ்வளவு அழுத்தம் தமக்கு ஏற்றது, எப்போது மீண்டும் வரவேண்டும் என முன்னரே வினவுதல் நோயாளர் கடன். விளங்கக் கூறுதல் வைத்தியர் கடன்.

இவ்விழாக் காலத்திற் கூடும் எம் பழைய மாணவருள் 40 வயதைக் கடந்தோர், சிறப்பாகப் பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உள்ளோர், கண்ணழுத்தத்தையும் நரம்பையும் சோதிப்பித்தல் வேண்டும். இளைய மாணவர் தத்தம் இல்லத்து முதியோரை அழைத்துச் செல்வாராக. போன பார்வையை மீட்பார் இலர். இருக்கும் பார்வையைக் காத்தல் நம் கையில் உள்ளது.