உம்மாவுக்கு நான்கு சாடிகள்



இரண்டு மாதங்களுக்கு முன் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் தயங்கி நின்றாள். "உம்மாட சிகிச்சை எல்லாம் முடிஞ்சி எட்டு மாசம், மௌலவி. நாங்க ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல. ஆனாலும் உம்மா சிரிக்கிறதே இல்ல" என்றாள்.

வந்தது மார்புப் புற்றுநோய். அதன் பெயரைச் சொல்லவும் கூசி "அந்த வருத்தம்" என்கிறோம். தேறி வந்தவளிடமிருந்து அகப்பையையும் விளக்குமாற்றையும் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார வைக்கிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் தன்னை எதிர்பார்த்து எதுவுமே இல்லாத வீட்டில் ஒரு பெண் என்ன செய்வாள்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், இந்நோயிலிருந்து தேறிய 82 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓராண்டு காலம் வீட்டிலேயே மரக்கறித் தோட்டம் செய்ய வைத்தார்கள். பயிற்சி பெற்ற தோட்டக்காரர்கள் கூட இருந்து வழிகாட்டினார்கள். 2018இல் வெளியான முடிவுகளின்படி, தோட்டம் செய்தவர்களுக்குக் கைப் பலமும் உடல் தெம்பும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. இது மருந்துக்குப் பதிலல்ல, சகோதரிகளே. மருந்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வைத்தியரிடம் கேட்டே தொடங்குங்கள். மருந்து ஏற்றும் காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். மண்ணிலுள்ள கிருமிகள் தொல்லை தரலாம். அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடியது. சிறு கீறலும் பழுத்துவிடக்கூடும். ஆகவே கையுறை கட்டாயம். ரோஜா, எலுமிச்சை போன்ற முட்செடிகள் வேண்டாம். தண்ணீர் வாளியை மகன் தூக்கட்டும். குனியாமலிருக்கச் சாடிகளை வாங்கின் மேல் வையுங்கள். வெயில் ஏறுமுன் அல்லது அஸருக்குப் பின் செய்தால் போதும்.

அந்த மாணவியிடம் நான்கு சாடிகள் வைக்கச் சொன்னேன். இரண்டில் முளைக்கீரை, அது சில வாரங்களில் பறிக்க வந்துவிடும். மற்ற இரண்டில் மிளகாய். "உம்மா மறந்தாலும் நீங்கள் தண்ணீர் ஊற்றக் கூடாது" என்றேன். இதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சென்ற வாரம் ஓடி வந்தாள். அடுத்த வீட்டுக் கோழி வாங்கில் ஏறிக் கீரையெல்லாம் கொத்திவிட்டதாம்.

"உம்மா ஏசினா, மௌலவி! வேலிக்கு அங்கால கேட்க நல்லா ஏசினா!"

"நட்டதைப் பறவை தின்றாலும் ஸதகாதான் என்று உம்மாவிடம் சொல்லு" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். இன்னும் கோபம் ஆறல்ல" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.