ஓர் அலுவலகத்துக்கு எத்தனை அச்சு?

நெசவாளிக்கு அச்சு என்றால், தறியில் பாவின் இழைகளைப் பிரித்து நிறுத்தி ஊடையை அடித்துச் சேர்க்கும் கருவி. 20-ஆம் நம்பர் நூலுக்கு ஓர் அச்சும், 60-ஆம் நம்பர் நூலுக்கு அதனினும் நெருக்கமான வேறோர் அச்சும் வேண்டுமென்பது தறியில் உட்கார்ந்தவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு தறியின் அச்சு மற்றொன்றில் பொருந்தாதபடி ஐந்து தறிகளை ஐந்து அகலத்தில் போட்டு வைக்கும் நெசவாளியை நாம் கண்டதில்லை. அப்படி ஒருவர் செய்தால் ஊரார் நகைப்பர். அதே காரியத்தை நம் சங்க அலுவலகங்கள், காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும் அச்சுப்பொறிகள் விஷயத்தில் செய்து வருகின்றன, நகைப்பார்தாம் இல்லை.

கடன் பாக்கி இல்லையென்னும் சான்றிதழ் ஒன்று பெறும்பொருட்டு மூலக்குளத்தில் ஒரு சங்க அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வாசகர்கள் தத்தம் சங்கத்தின் பெயரை இட்டுக்கொண்டாலும் பெரும்பாலும் பொருந்தும். எனக்கு முன்பே வில்லியனூர்ப் பக்கத்து முதிய விவசாயி ஒருவர் அதே சான்றிதழுக்காகக் காத்திருந்தார். அறையில் ஐந்து அச்சுப்பொறிகள் இருந்தன. ஒன்றில் டோனர் தீர்ந்திருந்தது. மற்றொன்று கணக்கரின் கணிப்பொறியோடு மட்டும் இணைந்தது. அவரோ விடுப்பில் இருந்தார். மூன்றாவது, மைத்தொட்டி வைத்த வகை; பல நாள் ஓடாமல் கிடந்ததால் மை உலர்ந்து வாய் அடைத்துப் போயிற்று. நான்காவது, பாஸ்புக்கில் வரி பதிப்பதற்கென்றே உள்ளது. ஐந்தாவதற்குரிய கார்ட்ரிட்ஜ் கடைத்தெருவில் கிடைப்பதில்லை என்றனர்.

"தம்பி, கையினால் எழுதிக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டார் பெரியவர்.

"கணிப்பொறியிலிருந்து வந்தால்தான் பாங்கியில் ஏற்றுக்கொள்வார்கள், ஐயா. நாளைக்கு வாருங்கள்" என்றார் எழுத்தர். அவர் குரலில் அலட்சியம் இல்லை, வெட்கமே இருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய ஒரு நாளைப் பெரியவர் அங்கேயே இழந்தார். இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பிறகு எழுத்தர் பீரோவைத் திறந்து காட்டினார். பிரிக்கப்படாத கார்ட்ரிட்ஜ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றிற் சில, முன்னமே பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்ட பொறிக்கு உரியவை! அங்கத்தினர் பணம் பீரோவில் பெட்டி பெட்டியாக உறங்க, மேஜைமேல் ஒரு தாள் அச்சிட வழியில்லை.

இந்நிலை எவருடைய தீய எண்ணத்தாலும் வந்ததன்று. ஒரு வருஷம் ஒன்று பழுதாகும். மூன்று விலைப்புள்ளிகள் வாங்கிக் குறைந்த விலைக்காரரிடம் வேறொன்று வாங்குவர். அடுத்த வருஷம் குறைந்த விலைக்காரர் வேறு கம்பெனியை விற்பார். தவறு அந்த "குறைந்த விலை" என்ற கணக்கிலேயே இருக்கிறது. பொறியை மலிவாகவும் மையை விலை ஏற்றியும் விற்பது இத்தொழிலில் பழகிய முறை. எனவே கேட்க வேண்டியது பொறியின் விலையை மட்டுமன்று. பக்கம் ஒன்றுக்கு என்ன செலவு என்பதையும் கேட்க வேண்டும். எச்.பி. கம்பெனியாரின் 12ஏ என்னும் கார்ட்ரிட்ஜ் சுமார் 2,000 பக்கமும், 88ஏ என்பது சுமார் 1,500 பக்கமும் தரும். ஒரே கம்பெனியின் சரக்காயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில் மை பதிவதாகக் கொண்டு சொல்லும் கணக்கு இது. கட்டமும் கோடும் நிறைந்த நம் படிவங்களுக்குப் பக்கம் இன்னும் குறையும்.

வேறோர் ஆபத்தும் உண்டு. சாம்சங் கம்பெனியார் தங்கள் அச்சுப்பொறித் தொழிலை எச்.பி. கம்பெனிக்கு விற்பதாக 2016-இல் அறிவித்து, 2017-இல் விற்று முடித்தனர். தென்கொரியாவில் நடந்த கைமாற்றத்தின் பலனை நம்மூர்ச் சிற்றலுவலகம் அனுபவிக்க நேரிடுகிறது.

2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு இசைவளித்தது. சங்கத்துக்குச் சங்கம் வேறாயிருந்த கணக்கு முறையை ஒரே மென்பொருளின்கீழ்க் கொணர்வதே அதன் சாரம். கணக்கில் ஒற்றுமை வேண்டுமென்று இத்துணைப் பொருள் செலவாகையில், அக்கணக்கைத் தாளில் இறக்கும் பொறி மட்டும் பலபட்டறையாக இருப்பது எவ்விதத்தில் நியாயம்? அத்திட்டத்தில் வந்து சேரும் அச்சுப்பொறியும் ஆறாவதாய் மூலையில் அமர்ந்தால் என்ன பயன்?

என் அபிப்பிராயம் இது: சாதாரணச் சங்கம் ஒன்றுக்கு இரண்டே வகை போதும். பாஸ்புக்குக்கும், கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுக்கும் ரசீதுக்கும் ஊசி தட்டிப் பதிக்கும் டாட் மேட்ரிக்ஸ் வகை ஒன்று. லேசர் பொறி தாளைத் தட்டுவதில்லையாதலின் கார்பன் பிரதி அதில் வராது. இதை அறியாமல் பழைய பொறியைத் தூக்கியெறிந்துவிட்டுப் பின்பு வருந்தக் கூடாது. ஏனைய வேலைகளுக்கெல்லாம் கறுப்பு லேசர், ஒரே மாதிரியில் இரண்டு. ஒன்று நின்றால் மற்றொன்றிருக்கும். இரண்டுக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றே. கணிப்பொறிகள் யாவும் இரண்டோடும் வலைப்பின்னலில் இணைந்திருத்தல் வேண்டும். மைத்தொட்டி வகை பக்கச் செலவில் மலிவானதே, மறுக்கவில்லை. ஆயின் அவற்றுட் பலவற்றில் ஊற்றுவது சாய மை. மழையில் நனைந்தால் கெட்டிச்சாயம் ஏறாத சேலைபோல் எழுத்து கலையும். விவசாயி மடியில் வைத்துச் செல்லும் சான்றிதழுக்கு அது உகந்ததன்று.

இரண்டு எதற்கு, பெரிய பொறி ஒன்றையே காரியதரிசியின் அறையில் வைத்தால் இன்னும் சிக்கனமாகுமே என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். நான் உடன்படேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளுக்குப்பின் ஒரே பொறியை நம்பியிருப்பவர் நிலை என்ன? மேலும், எழுத்தர் ஒவ்வொரு தாளுக்கும் மேலதிகாரியின் அறைக்கு ஓடுவது சிக்கனமாகாது.

உள்ள பொறிகளை உடனே கழிக்கவும் வேண்டாம். பழுதாகும்போது ஒவ்வொன்றாக விலக்கி, தீர்மானித்த மாதிரியைத் தவிர வேறு வாங்குவதில்லையென நிர்வாக சபை முடிவு செய்தால் போதும். விலக்கியவற்றைக் குப்பைக்குப் போடாமல், 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் தரல் வேண்டும். அண்டையிலுள்ள நெசவாளர் சங்கமும் விவசாயக் கடன் சங்கமும் ஒரே மாதிரியைத் தேர்ந்தால் கார்ட்ரிட்ஜைச் சேர்ந்து வாங்கலாம். அவசரத்தில் ஒருவருக்கொருவர் கைமாற்றும் தரலாம்.

அடுத்த மகாசபையில் வரவு செலவு படிக்கப்படும்போது, மையும் கார்ட்ரிட்ஜும் எழுதுபொருள் என்ற ஒரே தலைப்பில் மறைந்திருக்கும். அதைத் தனியே பிரித்துப் படிக்கும்படியும், பீரோவில் எத்தனை பெட்டி எந்தப் பொறிக்காக இருக்கிறதென்று சொல்லும்படியும் கேட்க அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. நான் கேட்பதாக இருக்கிறேன்.