மனக்கலக்கமும் மருத்துவமும்: ஒரு மறுப்பு

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்களுட் சிலர் ஒரு கூற்றை வழங்கி வருகின்றனர். "சிவபெருமான் திருவடியைப் பற்றினார்க்கு அச்சமுங் கலக்கமும் உண்டாகா, உண்டாயின் அவர் பற்று மெய்ப்பற்றன்று, கலங்கினார் மனநோய் மருத்துவரை நாடுதல், திருநீற்றையுந் திருவைந்தெழுத்தையும் நம்பாமையேயாம்" என்பது அக்கூற்று. கேட்குங்கால் இது பத்தியின் உறைப்புப்போலத் தோன்றும். ஆராயுங்கால், சித்தாந்த நூன்முடிபுக்கு முரணாதலோடு, துன்புற்ற அடியாரை மேலுந் துன்புறுத்துங் கொடுமையுமாம். ஆதலின் அதனை எடுத்து மறுத்தல் வேண்டுவதாயிற்று.

முதற்கண் அந்நோயின் இயல்பு அறியற்பாலது. ஓர் அடியவரை நினைக்க. வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, அநுட்டானம் முடித்துத் திருமுறை ஓதுபவர் அவர். ஒருநாள் திருக்கோயிலிற் கூட்டத்திடை நிற்குங்கால், காரணம் யாதுமின்றி அவர் நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு முட்டுகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, இப்பொழுதே உயிர் நீங்கும் என்னும் பேரச்சம் எழுகின்றது. சிறிது நேரத்தில் அது தணிகின்றது. ஆயினும், 'மீண்டும் வருங்கொல்' என்னும் அச்சந் தணிவதில்லை. அவர் கோயிலுக்குப் போதலை ஒழிக்கின்றார். பின்னர்ப் பேருந்தேறுதலை ஒழிக்கின்றார். ஈற்றில் வீட்டைவிட்டு வெளிப்போதலையும் ஒழிக்கின்றார். இரவில் உறக்கமில்லை. 'நாடோறும் பூசித்தும் இங்ஙனமாயின், பெருமான் என்னைக் கைவிட்டான் போலும். யான் ஒன்றுக்கும் ஆகேன்' என்று உள்ளம் நைகின்றார். அந்நிலையில் அவரிடஞ் சென்று, 'உமக்குப் பத்தி போதாது' என்பார் செய்வது யாது? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதலேயாம்.

இஃது எங்கோ ஒருவர்க்கு உற்ற புதுமையன்று. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் பதற்றநோயுற்றார் 30 கோடிக்கு மேற்பட்டவர் என உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கிட்டனர். பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிலையத்தார் 2015-16-இல் இந்திய நாட்டில் நடத்திய ஆய்வு, மனநோயுற்றாருள் மருத்துவம் பெறாதார் நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரையினர் என்று காட்டிற்று. அவருட் பலர் வாய்திறவாமைக்கு ஊரார் கூறும் பழியும் ஒரு காரணமாம். அப்பழியைச் சமயத்தின் பெயராலே கூறுவார் அதன் பொறுப்பினின்றும் நீங்குதல் யாங்ஙனம்?

புலி எதிர்ப்படின் ஓடுதற்கோ எதிர்நிற்றற்கோ உடம்பைக் கிளர்த்தும் அமைப்பொன்று மக்கள் உடம்பில் உண்டு. புலி இல்லாதபோதும் அது தானே கிளர்ந்தெழுதல் இந்நோயின் தன்மை. தைராய்டு சுரப்பி மிகைபடச் சுரப்பினும் இக்குறிகள் தோன்றுமாகலின், நன்மருத்துவர் உடம்பையும் சோதித்தறிவர். அமெரிக்க நாட்டு மருத்துவர் ஏரன் பெக் என்பார் 1960-களில் வகுத்த பேச்சு மருத்துவமுறை ஒன்றுண்டு. 'யான் இறந்தேபோவேன்', 'யான் பயனற்றவன்' என எழும் எண்ணங்களை உண்மையெனக் கொள்ளாது, எண்ணங்களென்றே கண்டு ஆராயுமாறு அது பழக்குகின்றது. அஞ்சி விலக்கிய இடங்களுக்குச் சிறிது சிறிதாக மீளச் செல்லவும் பயிற்றுகின்றது. சிலர்க்கு மாத்திரைகளும் வேண்டப்படும். அவை பயன்றரச் சில வாரங்கள் செல்லும். மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துதல் தீங்காம். 'மாத்திரையை எறிந்துவிட்டு மந்திரத்தைச் செபி' என்று அறிவுரை கூறுவார், அத்தீங்கைத் தாமே விளைப்பவராவர்.

இனி, நூன்முடிபை நோக்குவாம் என்பார்க்கு விடை இது. மெய்கண்ட தேவநாயனார் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என நிறுவியருளினார். அமைச்சரோடு கூடிய அரசனையும் அதற்கு உவமையாக்கினார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியம், சடம், ஆன்மாவுக்குக் கருவி. கண் மங்கினார் கண்ணாடி அணிகின்றார். செவி மந்தமாயினார் செவிக்கருவி பொருத்துகின்றார். அவரைப் பத்தியில்லார் என்று எவருங் கூறுகின்றிலர். புறக்கருவிக்கு ஆவது அகக்கருவிக்கு ஆகாதென்பது எந்நூல் விதி? மனம் நோயுற்றமையால் ஆன்மாவின் அன்பு குறைந்தது என்பார், மனத்தையே ஆன்மாவாகக் கொள்ளும் அந்தக்கரண ஆன்மவாதிகளாய் முடிவர். வாயாற் சைவராயினும், கொள்கையால் மெய்கண்டார் மறுத்த பூருவபக்கத்தாரோடு ஒருங்கு வீற்றிருப்பர். அமைச்சன் நோயுற்றான் என்று அரசனைப் பழிப்பார் உளரோ?

அற்றேல், நோய் பிராரத்த வினைப்பயனன்றோ, அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டுமன்றோ எனின், பசியும் பிராரத்தமே. அதுபற்றி உண்ணாதிருப்பார் இலர். நோய் வினைவழி வருமாயின், மருத்துவன் எதிர்ப்படுதலும் வினைவழியே வருவதாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் நேர்மையன்று. இவ்வினாவுக்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையாரே விடையருளிவிட்டார். இக்காலத்துத் திருச்செங்கோடு எனப்படுந் திருக்கொடிமாடச்செங்குன்றூரில் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியபோது, 'இஃது ஊழ்' என்று அவர் வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். வந்த துன்பத்துக்கு முன்னை வினையைக் காரணங் காட்டிவிட்டு, உய்யும் நெறி தேடாதிருத்தல் குறைபாடென்று அப்பதிகத் தொடக்கமே இடித்துரைக்கின்றது. பிள்ளையார் பதிகம் பாடினாரேயன்றி மருந்து தந்திலரே எனின், நன்று. பிள்ளையார் துன்புற்றார்க்காகப் பாடினார். இவரோ துன்புற்றாரைப் பழிக்கின்றனர். பிள்ளையாரைத் துணைக்கழைக்க இவர்க்கு உரிமை யாது?

அப்பரடிகள் சூலைநோய், மருத்துவர் முயற்சியால் தீராது திருவதிகையிற் பதிகம் பாடிய அளவிலே தீர்ந்ததன்றோ என்று மற்றொரு தடை நிகழ்த்துவர். பெரியபுராணங் கூறுமாறு, அச்சூலை நாவரசரைப் பிறநெறியினின்றும் மீட்டு ஆட்கொள்ளுதற்குப் பெருமானே வருவித்தது. அவ்வொரு நிகழ்ச்சியைக் கொண்டு எல்லா நோய்க்கும் விதி வகுத்தல் பொருந்தாது. அன்றியும், அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குக. நாவரசர் நோயை மறைத்திலர்; தமக்கையார் திலகவதியார்க்குச் சொல்லிவிடுத்தார்; பின்பு தாமே சென்று அவர் திருவடியில் வீழ்ந்தார். தமக்கையார், 'நீ முன்னே நெறி தவறினாய், அதன் பயனை நுகர்க' என்று கதவடைத்திலர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அருள் ஒரு மனிதர் வழியாகவே முதற்கண் வந்தது. அவ்வரலாற்றை ஓதுவார், திலகவதியாரைப் போல ஒழுகாது கதவடைத்தல் என்னையோ?

சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்த காலத்து, பெருமான் திருவெண்பாக்கத்தில் முதற்கண் ஓர் ஊன்றுகோலை அளித்தான். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் அருளினான். முழுதும் அருளவல்லான் இடையே கோலளித்தமை, வழிநடப்பார்க்குக் கோலும் வேண்டும் என்பதைக் காட்டும். அக்கோல் அருளுக்கு இழிவாயிற்றில்லை. அருளின் கூறாகவே வந்தது. மருத்துவர் சொல்லும் மாத்திரையும் அங்ஙனமொரு கோல் என்று கொள்வதில் இழுக்கென்னை? புள்ளிருக்குவேளூரிற் பெருமான் கொண்ட திருநாமமே வைத்தியநாதன் என்பது. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, ஆங்குள்ள திருமால் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஆதுலசாலை நடந்தமையையும், அதற்கு மருத்துவரும் அறுவை செய்வாரும் பணிப்பெண்டிரும் அமைந்தமையையும் உரைக்கின்றது. கோயிலும் மருந்தும் பகையென்பது நம் முன்னோர் கண்டதன்று, பின்வந்தார் கற்பித்தது.

'அடியார்க்கு அச்சமே இல்லை' என்பதற்கு, மதயானை எதிர்வந்தபோதும் நாவரசர் அஞ்சாது நின்றமையைக் காட்டுவர். அது மெய்யே. அஃது அடியார் எய்தும் நிலை. எய்தாதாரை எறிதற்கு எடுத்த கல்லன்று. மாணிக்கவாசகப் பெருமான் தம்மைக் கைவிடாதிருக்குமாறு ஐம்பது திருப்பாட்டுக்களால் நீத்தல் விண்ணப்பஞ் செய்தருளினார். 'விட்டுவிடுவையோ' என்னுங் கலக்கம் பத்தியின்மையாயின், ஐம்பது முறை கலங்கிய அடிகளை எவ்வரிசையில் வைப்பது? கலக்கத்தை மறைத்து நடிப்பதன்று பத்தி. கலக்கத்தோடே திருமுன் சென்று நிற்பது பத்தி.

ஈண்டு ஒரு மயக்கம் நீக்கற்பாலது. அருளாளர் தம்மை 'நாயேன்' என்று தாழ்த்துக் கூறினாரன்றோ. ஆகவே, 'யான் பயனற்றவன்' என்று நோயாளர் நைதலும் அப்பணிவே போலும் எனச் சிலர் கருதுவர். இரண்டும் ஒன்றல்ல. அருளாளர் பணிவு, இத்துணைச் சிறியேனையும் அவன் ஆண்டானே என்னும் வியப்பிற் பிறந்து பாட்டாய் மலர்வது. நோயாளர் நைவோ, என்னை ஆளுவாரே இலர் என்னும் இருளிற் பிறந்து வாயை அடைப்பது. முன்னது திருவடியை நோக்கிச் செல்லும். பின்னது தன்னையே சுற்றிச் சுழலும். நோயாளர் நைவைப் பணிவென்று போற்றுதல், நஞ்சை அமுதென்று ஊட்டுதலையொக்கும்.

உயிரின் மதிப்பு யாதென்பதைச் சித்தாந்தம் போலத் தெளிவாகக் கூறுவது அரிது. உயிர் ஒருவராற் படைக்கப்பட்டதன்று. இறைவனைப் போலவே அநாதி. அவன் தனக்கென ஒன்றும் வேண்டாதவன். ஐந்தொழிலும் உயிர்களின் பொருட்டே இயற்றுகின்றான். தனுவும் கரணமும் புவனமும் போகமும் உயிர்க்கெனவே அளிக்கப்பட்டன. மறைத்தலும் அருளே என்பது நூற்றுணிபு. அங்ஙனமாயின், உறக்கமின்றி நடுங்குமவர் உயிரின்பொருட்டும் உலகெல்லாம் இயங்குகின்றது. அவர் இன்று வேலை செய்யவில்லை, கூட்டத்தில் நிற்கவில்லை, செபத்தில் மனம் நிற்கவில்லை என்பவற்றால் அம்மதிப்பு ஓரணுவுங் குறையாது. கரணம் நோயுற்றது; உயிர் அடிமையாந் தன்மை கெட்டதில்லை. இச்செய்தியை அவர் செவியிற் சொல்லுதலே சைவர் கடன்.

இனி, மறுதலையாரும் உளர். வழிபாடே மனநோய் போல்வது என்பார் அவர். சிக்மண்ட் பிராய்டு 1927-இல் வெளியிட்ட நூலிற் சமயத்தை அவ்வாறே ஒப்பிட்டுக் கூறினார். நோய் சிலபோது வழிபாட்டின் வேடம் பூணும் என்பது உண்மை. பிழை நேர்ந்ததோ என்றஞ்சி ஒரே அநுட்டானத்தைப் பன்முறை செய்து ஓயாது வருந்துவார் உளர். அவர்க்கு ஆசிரியர் அறிவுரையும் மருத்துவர் துணையும் ஒருங்கு வேண்டும். ஆயின், போலிநாணயம் உண்டென்பது கொண்டு பொன்னே இல்லையென்றல் அறிவாகாது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலொன்றில் வந்து தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்த மருத்துவர் சிலர், தம் முடிபை 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அங்கே தனிச்சடங்கு யாதுமில்லை. நாட்பூசையும் சிறு கோயிற்பணியும் அன்பான சூழலுமே இருந்தன. நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தன. அது சிற்றாய்வே, அதனால் மருந்து வேண்டா என்பது போதராது. எனினும், வெருட்டாது ஏற்றுக்கொள்ளுமிடம் தானே ஒரு மருந்து என்பது அதனால் விளங்கும். மேலும், 'யான் பயனற்றவன் என்பது ஓர் எண்ணமே' என்று மருத்துவர் காட்டுவர். 'பின் யான் யார்' என்னும் வினாவுக்கு விடை அவர் பையில் இல்லை. அவ்விடை சமயத்தின்பால் உளது. மருந்து மலத்தை அறுக்காது. மலம் அறுக்கும் அருளைக் காட்டி மருந்தைத் தடுத்தலும் ஆகாது. இரண்டற்கும் இடம் வேறு, பகையில்லை.

இவற்றாற் செய்யத்தக்கது யாது? மடங்களுங் கோயில்களுஞ் சைவ சபைகளும், கலங்கி வருவாரைக் 'குறை யாது' என்று வினவிப் பொறுமையோடு கேட்பாரை அமர்த்துக. நோயென்று தோன்றின் அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்க. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அம்மருத்துவத்தை ஒவ்வொருவர்க்கும் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 14416 என்னுந் தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவ்வெண்ணைத் திருக்கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதுதல் ஒரு திருத்தொண்டாம். 'நம்பிக்கையில்லாதவர்' என்னுஞ் சொல்லை நோயாளர்முன் எவரும் எடுக்காதிருக்க. அடியாரை இகழ்தல் சிவாபராதம் என்பதை அறியாத சைவர் இலர். நடுங்குங் கையால் திருநீறணிவாரும் அடியாரே.

அக்கை நடுக்கம் நீங்க மருந்துண்ணுக. அந்நீறு நிலைபெறத் திருமுறை ஓதுக. இரண்டுஞ் செய்வாரைக் கண்டு ஏளனஞ் செய்வார், தாம் எச்சூத்திரத்தின்மேல் நிற்கின்றனர் என்பதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்