வலங்கைமானில் குறுவையும் ஐப்பசி மழையும்

மேட்டூர் அணை என்றைக்குத் திறக்கும் என்பதே வைகாசி பிறந்ததும் வலங்கைமான் பகுதிக் குடியானவர்கள் கேட்கும் கேள்வி. ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். ஆயினும், குறுவை போடலாமா என்று தீர்மானிப்பதற்கு அத்தேதியைக் காட்டிலும் ஐப்பசி மழை தொடங்கும் தேதியே முக்கியமானது.

தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பொழிந்து, குடமுருட்டி வழியாக இங்கு வந்து சேருகிறது. இவ்வயல்களில் நேராகப் பெய்வது சொற்பம். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டி ஆரம்பித்து, வருஷத்து மழையில் பாதிக்கு மேல் வயலின் மீதே கொட்டிவிடுகிறது. முன்னது தாமதித்தால் பின்னது அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களுக்கு வயது சுமார் 110 நாள். ஜூன் 15-ல் விதைத்தால் அக்டோபர் 3 வாக்கில் அறுக்கலாம். ஜூலை 15-ல் விதைத்தால் நவம்பர் 2 ஆகிவிடும். அப்பொழுது சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கும். அறுத்த நெல்லைக் காயவைக்க வெயில் இராது. ஈரம் 17 சதவீதத்தைக் கடந்தால், விதி தளர்த்தப்பட்டாலன்றிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அதன்பின் நடும் தாளடியும் வேரூன்றுமுன் வெள்ளத்தில் மூழ்கி அழுகும். 2024-ல் அணை ஜூலை 28-ந் தேதிதான் திறந்தது. ஆற்று நீரை மட்டும் நம்பி அதற்குமேல் விதைப்பவருக்கு அறுவடை நவம்பர் மத்தியில்!

குழாய்க்கிணறு உள்ளவர் வைகாசியிலேயே நாற்று விட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள், ஆனி பாதிக்குள் விதைக்க இயலாவிடில், குறுவையைக் கைவிட்டு, ஆகஸ்டில் சி.ஆர். 1009 போன்ற நீண்டகாலச் சம்பாவை விதைப்பதே உசிதம். அடைமழை வருமுன் அது தூர் கட்டி நின்றுவிடும். தீபாவளிச் செலவும் கூலிக்காரர் ஜீவனமும் குறுவை நெல்லைப் பொறுத்தவை என்பது மெய்தான். அதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் முளைத்த நெல் எந்தச் செலவுக்கும் ஆகாது. சம்பாவுக்கும் பூரண அபயம் கிடையாது. 2021 ஜனவரியில் முற்றிய கதிர்கள் மழையில் சாய்ந்தன. தை மாதத்துப் பெருமழை அபூர்வம்; ஐப்பசி மழையோ வருஷாந்தரம் எதிர்பார்க்க வேண்டியது.

எந்தப் பயிராயினும் வடிகால் வேண்டும். பாசன வாய்க்கால் வெட்ட ஊரே திரளுகிறது. வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் களையத்தான் ஆள் கிடைப்பதில்லை. புரட்டாசி முடியுமுன் இவ்வேலையைச் செய்துவிட வேண்டும்.