பேரரசு விழுந்தது, பண்ணை விழவில்லை: பால்கன் போர்களின் பாடம்

பள்ளிப் பாடநூலில் முதல் உலகப்போர் ஒரு துப்பாக்கிச் சூட்டில் தொடங்கும். 1914 ஜூன் 28, சரயேவோ நகரம், கொல்லப்பட்ட ஆஸ்திரிய இளவரசர், சுட்ட காவ்ரிலோ பிரின்சிப். 'காரணங்கள்' என்ற தலைப்பில் தேசியவாதம், ஏகாதிபத்தியம், இராணுவக் கூட்டணிகள் என்று வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண். பிரின்சிப் யார் வீட்டுப் பிள்ளை என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

அவர் ஒரு பண்ணைக் குடியானவரின் மகன். போஸ்னியாவில் இவர்களை 'க்மெத்' என்று அழைத்தார்கள். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு க்மெத்துடையது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு பண்ணையாருக்கு வாரம், பத்தில் ஒரு பங்கு அரசுக்கு வரி. 1878இல் பெர்லின் மாநாட்டில் கூடிய வல்லரசுகள், உதுமானியப் பேரரசிடமிருந்த போஸ்னியாவை நிர்வகிக்கும் பொறுப்பை ஆஸ்திரிய-ஹங்கேரிக்குக் கொடுத்தன. நாகரிகம் கொண்டுவருகிறோம் என்று சொல்லி வந்த புதிய ஆட்சி இரயில் பாதை போட்டது, அலுவலகங்கள் கட்டியது, 1908இல் போஸ்னியாவைத் தன்னோடு முழுமையாக இணைத்தும் கொண்டது. பண்ணை முறையில் மட்டும் கை வைக்கவில்லை. பண்ணையார் சம்மதித்தால் கடன் வாங்கி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று 1911இல் ஒரு சட்டம் வந்தது. அவ்வளவுதான்.

பண்ணையார்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். க்மெத்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ செர்பியர்கள். நிலத்தின் மீதான நியாயமான கோபத்தை மதத்தின் மீதும், பிறகு தேசத்தின் பெயரிலும் திருப்பிவிடுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

நில உரிமைக்கும் தேசிய இயக்கங்களுக்கும் உள்ள உறவை ஆய்வு செய்து வரும் எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. சரிந்துவரும் பேரரசும் எழுந்துவரும் தேசியமும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்றே நாம் படித்திருக்கிறோம். பால்கன் நாடுகளில் முதலாவது தீர்க்காமல் விட்ட அநீதியை இரண்டாவது எரிபொருளாக்கிக்கொண்டது. அந்தத் தீயில் வெந்தவர்கள் பேரரசரும் அல்லர், தேசத் தலைவர்களும் அல்லர்.

பேரரசு பிரித்து வைத்தது

உதுமானியப் பேரரசு தன் குடிமக்களை மொழியால் எண்ணவில்லை, மதத்தால் எண்ணியது. ஒவ்வொரு மதப்பிரிவும் தன் குருமாரின் கீழ் ஒரு 'மில்லத்'. கல்வி, திருமணம், வாரிசுரிமை எல்லாம் அதற்குள்தான். 1870இல் பல்கேரியர்களுக்கெனத் தனித் திருச்சபையை சுல்தான் அங்கீகரித்தார். விளைவு என்ன? மாசிடோனியாவில் ஒரே மொழி பேசும் ஒரே ஊரில், பழைய திருச்சபைக்குப் போகிறவர் 'கிரேக்கர்', புதியதற்குப் போகிறவர் 'பல்கேரியர்'. எந்தப் பாதிரியார், எந்தப் பள்ளிக்கூடம் என்பதே ஒருவருடைய 'தேசம்' எது என்று முடிவு செய்தது. 1900களில் ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் மக்களைத் திருச்சபை மாறச் சொல்லி மிரட்டின. மறுத்த பாதிரியார்களும் ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள்.

பேரரசின் கஜானாவோ அப்போதே அயலார் கையில். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் திவாலான அரசிடமிருந்து, உப்பு, புகையிலை போன்றவற்றின் வருவாயை நேரடியாக வசூலிக்க 1881இல் ஐரோப்பியக் கடன்காரர்களுக்காக ஒரு நிர்வாகமே அமைக்கப்பட்டது. குடியானவர் உப்புக்குக் கொடுத்த காசு லண்டனுக்கும் பாரிசுக்கும் போனது. பிறகு அதே ஐரோப்பா எல்லாத் தரப்புக்கும் பீரங்கி விற்றது. துருக்கியிடம் ஜெர்மனியின் குருப் பீரங்கி, செர்பியாவிடம் பிரான்சின் ஷ்னைடர் பீரங்கி. வாங்குவதற்குக் கடனும் அவர்களே கொடுத்தார்கள்.

விடுதலைக்குப் பின் யார் நிலம்?

ஏற்கெனவே விடுதலையடைந்த பகுதிகளில் குடியானவர் என்ன ஆனார்? 1881இல் தெசாலி சமவெளி உதுமானியரிடமிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. முஸ்லிம் பண்ணையார்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் கிரேக்கப் பெருந்தனக்காரர்கள். உழுத குடியானவருக்கு வழக்கப்படி இருந்த பழைய பாத்தியதைகூட இல்லாமல் போனது. புதிய முதலாளி நினைத்தால் வெளியேற்றலாம். 1910 மார்ச்சில் கிலெலெர் என்ற ஊரில் நிலம் கேட்டுத் திரண்ட கிரேக்கக் குடியானவர்களைச் சுட்டது கிரேக்க அரசுதான்.

ருமேனியாவில் 1907இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது சொந்த நாட்டு இராணுவமே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அங்கே யூதர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. 1878 பெர்லின் உடன்படிக்கை மதப் பாகுபாடு கூடாது என்று நிபந்தனை விதித்தும் நிலைமை மாறவில்லை.

இந்த அரசுகள்தாம் 'இன்னும் அடிமைப்பட்டிருக்கும் நம் சகோதரர்களை மீட்போம்' என்று கிளம்பின. உள்ளே நிலம் கேட்டவருக்குத் துப்பாக்கிக் குண்டைக் கொடுத்த அரசு, வெளியே அதே துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து எல்லைக்கு அனுப்பியது.

முதலில் கூட்டாளிகள், பிறகு எதிரிகள்

1911 செப்டம்பரில் லிபியாவைக் கைப்பற்ற இத்தாலி உதுமானியப் பேரரசைத் தாக்கியது. விமானத்திலிருந்து குண்டு வீசும் பழக்கத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தப் போர்தான். பேரரசின் பலவீனம் வெளிப்பட்டதும் பால்கன் நாடுகள் அவசரப்பட்டன. 1912 மார்ச்சில் செர்பியாவும் பல்கேரியாவும் ஒப்பந்தம் போட்டன. அதன் இரகசியப் பிரிவு மாசிடோனியாவை எப்படிப் பங்கிடுவது என்று பேசியது. மாசிடோனிய மக்களை யாரும் கேட்கவில்லை. தகராறு வந்தால் ரஷ்யப் பேரரசர் தீர்த்து வைப்பாராம்!

அக்டோபரில் மாண்டினீக்ரோ போரைத் தொடங்க, செர்பியா, பல்கேரியா, கிரேக்கம் சேர்ந்துகொண்டன. 1913 மே மாத லண்டன் உடன்படிக்கைக்குள் ஐரோப்பாவில் உதுமானியருக்கு இருந்த நிலம் அநேகமாக முழுதும் போய்விட்டது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை சகோதரத்துவம். ஜூன் இறுதியில், தன் பங்கு குறைந்துவிட்டதென்று பல்கேரியா நேற்றைய கூட்டாளிகளைத் தாக்கியது. ருமேனியாவும் துருக்கியும் பல்கேரியா மீது பாய்ந்தன. ஆகஸ்டில் புக்காரெஸ்டில் முடிந்த உடன்படிக்கையின்படி மாசிடோனியாவில் ஏறத்தாழ பாதி கிரேக்கத்துக்கு, மீதியில் பெரும்பங்கு செர்பியாவுக்கு, ஒரு துண்டு பல்கேரியாவுக்கு.

இந்தப் போர்களை விசாரிக்க கார்னகி அறக்கட்டளை ஒரு பன்னாட்டுக் குழுவை அனுப்பியது. 1914இல் வெளிவந்த அதன் அறிக்கை எரிக்கப்பட்ட ஊர்களையும் கொல்லப்பட்ட பொதுமக்களையும் பதிவு செய்தது. எந்தத் தரப்புக்கும் அது நற்சான்று தரவில்லை. இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் அகதிகளாகத் துருக்கிக்கு ஓடினார்கள். அவர்களில் பண்ணையார்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலோர் ஒரு காணி நிலமும் இரண்டு மாடும் வைத்திருந்தவர்கள். பேரரசின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகப் பேரரசின் பாவம் அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது.

உள்ளூர்ச் சண்டை உலகச் சண்டையான விதம்

செர்பியாவின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. பக்கத்திலிருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிக்குப் பயம் பிடித்தது. தன் ஆட்சியின் கீழ் இலட்சக்கணக்கான தென் ஸ்லாவியர்களை வைத்திருந்த அந்தப் பேரரசு, துருக்கிக்கு நேர்ந்தது நாளை தனக்கும் நேரும் என்று கணக்குப் போட்டது. செர்பியாவுக்குக் கடல்வழி கிடைக்கக் கூடாது என்பதற்காக அல்பேனியா என்ற தனிநாட்டை ஆதரித்தது. 1908இல் போஸ்னியா விவகாரத்தில் அவமானப்பட்டிருந்த ரஷ்யா, 1913இல் பல்கேரியாவின் நட்பையும் இழந்திருந்தது. செர்பியாவையும் கைவிட்டால் பால்கனில் அதற்கு ஆளே இல்லை. ஜெர்மனிக்கோ ஆஸ்திரியாவை விட்டால் நம்பத்தக்க கூட்டாளி இல்லை.

ஆக, 1914இல் ஒவ்வொருவரும் தம் பலத்தை நம்பி மட்டும் போருக்குப் போகவில்லை. 'இப்போது விட்டுக்கொடுத்தால் நம் கதை முடிந்தது' என்ற அச்சமும் அவர்களைத் தள்ளியது. ஜூலை 28இல் செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது. ஒரு வாரத்தில் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்சு, பிரிட்டன் எல்லாம் போரில். செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நம் வீடுகளில் இன்றும் 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். பிரிட்டிஷ் பேரரசின் சிப்பாய்களாக இந்தியக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் மெசபடோமியாவிலும் கல்லிப்போலியிலும் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் செர்பியா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

தோற்றுப்போன குரல்கள்

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. சலோனிகா நகரத்தில் 1909இல் அவ்ராம் பெனரோயா என்ற யூதத் தோழரும் மற்றவர்களும் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். யூதர், பல்கேரியர், கிரேக்கர், துருக்கியர் என எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க முயன்றார்கள். பத்திரிகையை நான்கு மொழிகளில் கொண்டுவந்தார்கள். 1910 ஜனவரியில் பெல்கிரேடில் கூடிய பால்கன் சோசலிஸ்டுகள், பால்கன் மக்கள் எல்லோரும் சமமாக இணையும் ஒரு கூட்டாட்சியைக் கோரினார்கள்.

செர்பிய சோசலிஸ்டு திமித்ரியே துட்சோவிச், படையில் அழைக்கப்பட்டு அல்பேனியர் பகுதிகளுக்குப் போனவர். அங்கே தன் நாட்டுப் படை செய்ததைக் கண்ணால் கண்டார். 'விடுதலை' என்ற பெயரில் நடந்தது ஆக்கிரமிப்பு என்று 1914இல் 'செர்பியாவும் அல்பேனியாவும்' என்ற நூலில் எழுதினார். துரோகி என்று ஏசப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் போர்முனையில் இறந்தார். சலோனிகாவின் பல மொழிச் சமூகமும் மிஞ்சவில்லை. நகரின் யூதர்களில் 45,000க்கும் மேற்பட்டோரை 1943இல் நாஜிகள் ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள்.

அண்ணலின் அளவுகோல்

இந்த வரலாற்றை அண்ணல் அம்பேத்கர் கூர்ந்து படித்திருக்கிறார். பாகிஸ்தான் கோரிக்கை குறித்த நூலில் துருக்கி, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய இரு நாடுகளின் சிதைவைப் பாடமாக வைத்தே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். தேசிய உணர்வு எழுந்துவிட்ட ஒரு மக்கள் கூட்டத்தைப் பலவந்தமாகப் பிடித்து வைத்தால் நாடு நிலைக்காது என்பது அவர் எச்சரிக்கை. துருக்கியும் கிரேக்கமும் பல்கேரியாவும் செய்ததுபோல் சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொள்வது ஒரு தீர்வாகலாம் என்றும் அவர் சொன்னார்.

இந்த இரண்டாவது கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1923 கிரேக்க-துருக்கிப் பரிமாற்றத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்களும் சுமார் 4 இலட்சம் முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தார்கள். அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழி மட்டும் தெரிந்த கிறிஸ்தவர் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம் துருக்கிக்கு அனுப்பப்பட்டார். பேரரசு ஒட்டிய முத்திரையை, பேரரசு மறைந்த பிறகு தேசங்கள் நிரந்தரமாக்கின.

ஆனால் அண்ணல் ஏன் அப்படி யோசித்தார் என்பதை மறக்கக் கூடாது. அவருக்கு வரைபடத்தின் நீள அகலம் முக்கியமில்லை. பெரும்பான்மையின் கையில் சிக்கும் சிறுபான்மையின் உயிருக்கும் உரிமைக்கும் என்ன பாதுகாப்பு என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டு பால்கனைப் பார்த்தால், அங்கே தோற்ற பேரரசுகளும் தேறவில்லை, வென்ற தேசங்களும் தேறவில்லை.

போர்ச் செய்தி வரும்போதெல்லாம் நம் தோழர்கள் உடனே ஒரு கொடியைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஒடுக்கப்பட்ட தேசத்தின் பக்கம் நிற்பது சரிதான். கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்போம். விடுதலைக்கு மறுநாள் நிலம் யாருடையது? பக்கத்து வீட்டில் வேறு மதத்திலோ வேறு சாதியிலோ பிறந்தவர் மறுநாளும் அதே வீட்டில் அச்சமின்றி இருப்பாரா? இதைக் கேட்டதற்காகத் துட்சோவிச்சைத் துரோகி என்றார்கள். நம்மையும் சொல்வார்கள், சொல்லட்டும்.